இரண்டாம் ஆண்டையும் தாங்கும் அணி: ஐரோப்பாவில் துருக்கி கிளப்புகளுக்கு எந்த வழி?

துருக்கி கால்பந்து கிளப்புகளின் ஐரோப்பிய வரலாற்றைப் பேசத் தொடங்கினால் முதலில் நினைவுக்கு வருபவை தனித்தனி இரவுகள்தான். நாற்பது ஆண்டுகளாக ஐரோப்பியப் போட்டி எதிலும் சொந்த மைதானத்தில் தோற்காதிருந்த மான்செஸ்டர் யுனைடெட்டை, 1996 அக்டோபர் 30 அன்று ஓல்டு டிராஃபோர்டிலேயே ஃபெனர்பாஹ்சே 1-0 என வீழ்த்தியது. கோல் அடித்தவர் எல்விர் போலிச். 2011 செப்டம்பரில் மிலான் நகரின் சான் சீரோ மைதானத்தில் இன்டர் அணியைத் திராப்சான்ஸ்போர் அதே 1-0 கணக்கில் வென்றது. 2020 நவம்பரில் பாஷாக்ஷெஹிர், மான்செஸ்டர் யுனைடெட்டை 2-1 எனத் தோற்கடித்தது. 2025 செப்டம்பர் 30 அன்று ஓசிம்ஹென் அடித்த பெனால்டி கோலால் கலாத்தாசராய் லிவர்பூலை வென்றது. இவற்றில் எதையும் அதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் முதல் மூன்று வெற்றிகளுக்கும் பின்னால் அந்தந்தப் பருவம் எப்படி முடிந்தது என்று பார்த்தால், ஃபெனர்பாஹ்சேயும் திராப்சான்ஸ்போரும் தத்தம் நான்கு அணிப் பிரிவில் மூன்றாம் இடத்தோடு, ஐரோப்பாவின் தலையாய கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீகிலிருந்து வெளியேறியிருக்கின்றன. பாஷாக்ஷெஹிர் வெறும் 3 புள்ளிகளோடு கடைசி இடத்தில் நின்றிருக்கிறது.

ஆகவே பெரிய அணியை ஒருநாள் வெல்ல துருக்கி கிளப்புகளால் முடியுமா என்ற கேள்விக்கு விடை கிடைத்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஒரு நல்ல பருவத்துக்கு அடுத்த ஆண்டும் அதே அணியை அதே தரத்தில் களமிறக்க முடியுமா என்பதே இன்னும் விடை காணாத கேள்வி. இஸ்தான்புல்லின் பெரிய கிளப் ஒன்றின் நிர்வாகக் குழு ஜூன் மாதத்தில் கூடி, கையிலிருக்கும் பணத்தை எந்த வழியில் செலவிடுவது என்று முடிவெடுக்க உட்காருகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளூர் வீரர்களை மையமாக வைத்து ஆண்டுக்கணக்கில் ஓர் அணியைக் கட்டலாம். உலகப் பெயர் பெற்ற நட்சத்திரங்களை வாங்கி உடனே பலன் தேடலாம். பெரிய லீக்குகள் கைவிட்ட அனுபவசாலிகளைக் குறைந்த விலைக்குச் சேர்க்கலாம். இளைஞர்களை வளர்த்து விற்று அந்தப் பணத்தில் நிற்கலாம். நான்கு வழிகளையும் துருக்கி கிளப்புகள் நடந்து பார்த்திருக்கின்றன. நான் அவற்றை அளக்கும் கோல் ஒன்றே: அந்த வழியில் போன அணி அடுத்த ஆண்டு எப்படி இருந்தது?

முதல் வழிக்கு அடையாளம் 2000 மே 17, கோபன்ஹேகனின் பார்க்கன் மைதானம். ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபா, சாம்பியன்ஸ் லீகுக்கு அடுத்த நிலையில் நடத்திய யூஃபா கோப்பையின் இறுதி ஆட்டத்தில் கலாத்தாசராய்க்கு எதிரே ஆர்சனல். கோல் இல்லாமல் 90 நிமிடங்கள் முடிந்து, கூடுதல் நேரம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே அணியின் மூளையான ருமேனிய வீரர் ஹாஜி சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். தலைவர் ப்யூலெந்த் கொர்க்மாஸின் தோள் காயப்பட்டிருந்தது. கையைக் கட்டிக்கொண்டு அவர் களத்திலேயே நின்றார். பத்துப் பேரும் ஒரு கட்டுப்போட்ட தோளுமாக அந்த அணி மீதி நேரத்தைக் கடந்தது. ஆன்ரி தலையால் முட்டிய பந்தைக் கோல்கீப்பர் தஃபரெல் பாய்ந்து தடுத்தார். பெனால்டியில் ஆர்சனலின் ஷூக்கர் அடித்த பந்து கம்பத்திலும் வியேரா அடித்தது மேல்கம்பத்திலும் பட்டுத் திரும்ப, எர்க்யுன், ஹக்கான் ஷுக்கூர், உமித் தவாலா, கடைசியாகப் போபெஸ்கு என நால்வரும் தவறாமல் அடித்து 4-1 என முடித்தார்கள். ஐரோப்பியக் கோப்பை ஒன்றைத் துருக்கி கிளப் வென்றது அதுவே முதல்முறை.

அந்த இரவை விடவும் அதற்கு முந்தைய ஏழு மாதங்களே நிர்வாகக் குழுவுக்குப் பாடம். 1999 அக்டோபரில் இதே அணி தன் சொந்த மைதானமான அலி சாமி யெனில் செல்சியிடம் 0-5 எனத் தோற்றது. வேறு எந்த ஆண்டாக இருந்தாலும் அந்தத் தோல்விக்குப் பயிற்சியாளர் பதவி போயிருக்கும். ஃபாதிஹ் தெரிம் போகவில்லை. அடுத்த சில நாள்களில் பெர்லினில் ஹெர்த்தாவை 4-1 என வென்று, நவம்பர் 3 அன்று மிலானுக்கு எதிராக 1-2 எனப் பின்தங்கியிருந்து, கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் அடித்து 3-2 என வென்று, சாம்பியன்ஸ் லீக் பிரிவில் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் மூன்றாம் இடத்தைப் பிடித்ததால்தான் கலாத்தாசராய் யூஃபா கோப்பைக்குள் நுழையவே முடிந்தது. பிறகு பொலோன்யா, டார்ட்முண்ட், மயோர்கா, லீட்ஸ் என நான்கு அணிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்தது. லீட்ஸ் ஆட்டத்துக்கு முந்தைய இரவு இஸ்தான்புல்லில் இரண்டு லீட்ஸ் ரசிகர்கள் கத்திக்குத்தில் உயிரிழந்தார்கள் என்பதையும் சேர்த்தே அந்தப் பயணத்தை நினைவுகூர வேண்டும். கோப்பையைப் பேசும்போது அதை மட்டும் விட்டுவிட்டுப் பேசுவது நேர்மையாகாது.

அந்த அணி எப்படிக் கட்டப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். இறுதி ஆட்டத்தைத் தொடங்கிய பதினொருவரில் வெளிநாட்டவர் நால்வர். ஹாஜி 1996-இல் வந்தார், போபெஸ்கு 1997-இல், தஃபரெல் 1998-இல், பிரேசிலின் கப்போனே 1999-இல். ஆண்டுக்கு ஒருவர் என்ற அந்த வரிசை எனக்கு எப்போதும் வியப்பைத் தரும். புதிதாக வருபவர் ஏற்கெனவே ஒன்றாக ஆடிப் பழகிய கூட்டத்துக்குள் வந்து சேர்ந்தார், கூட்டம் அவருக்காகக் கலைக்கப்படவில்லை. ப்யூலெந்த், ஒக்கான் புருக், எம்ரே போன்றோர் கிளப்பின் சொந்த இளையோர் அணியில் வளர்ந்தவர்கள். 1996-97 முதல் 1999-2000 வரை தொடர்ந்து நான்கு லீக் பட்டங்களை இவர்கள் தெரிமின் கீழ் வென்றிருந்தார்கள்.

என் அளவுகோலிலும் இந்த வழியே முன்னே நிற்கிறது. கோப்பைக்குப் பிறகு தெரிம் இத்தாலிக்குப் போனார், ஹக்கான் ஷுக்கூர் இன்டருக்குப் போனார். அப்படியிருந்தும், மிர்ச்சா லுச்சஸ்கு பொறுப்பேற்ற அணி 2000 ஆகஸ்ட் 25 அன்று மொனாக்கோவில் நடந்த சூப்பர் கோப்பையில் ரியால் மாட்ரிட்டை ஜார்டெலின் தங்கக் கோலால் (கூடுதல் நேரத்தில் விழுந்ததும் ஆட்டத்தையே முடிக்கும் கோல்) 2-1 என வென்றது. அந்தப் பருவத்தின் சாம்பியன்ஸ் லீகில் காலிறுதி வரை போய், அதே மாட்ரிட்டை இஸ்தான்புல்லில் 0-2 எனப் பின்தங்கிய நிலையிலிருந்து 3-2 என வென்ற பிறகே, மாட்ரிட்டில் 0-3 எனத் தோற்று வெளியேறியது. பயிற்சியாளரையும் தலையாய கோல் வீரரையும் இழந்த பின்பும் ஓர் அணி இரண்டாம் ஆண்டில் இவ்வளவு தூரம் போயிருக்கிறது என்றால், நடுத்தண்டு முறியாமல் இருந்தது என்றுதான் பொருள். 2001-இல் எம்ரேயும் ஒக்கானும் இன்டருக்கும், உமித் தவாலா மிலானுக்கும் போனபோதுதான் அது முறியத் தொடங்கியது.

இதையே அப்படியே மறுபடி செய்துவிடலாமே என்று தோன்றும். அது எளிதல்ல. அன்றைய துருக்கி விதிகள் களத்தில் வெளிநாட்டவர் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தியதால், உள்ளூர் வீரர்களை வைத்து அணி கட்டுவது தேர்வாக மட்டும் இருக்கவில்லை, கட்டாயமாகவும் இருந்தது. ஒரே தலைமுறையில் அத்தனை திறமைசாலிகள் வந்ததும் அரிது; 2002 உலகக் கோப்பையில் துருக்கியை மூன்றாம் இடத்துக்குக் கொண்டுபோனவர்களில் பலர் இந்த அணியினரே. இன்று அதே தரத்தில் ஓர் இருபது வயதுத் துருக்கி இளைஞன் தலைகாட்டினால், நான்கு ஆண்டுகள் இஸ்தான்புல்லில் வைத்திருக்க ஐரோப்பியச் சந்தை விடாது. ஃபெனர்பாஹ்சேயின் ஆர்தா குலெர் 18 வயதிலேயே, 2023-இல், ரியால் மாட்ரிட்டுக்குப் போய்விட்டார்.

இரண்டாவது வழி நட்சத்திரங்களை வாங்குவது. விமான நிலையத்தில் ஆயிரக்கணக்கில் ரசிகர்கள் திரள, கழுத்தில் கிளப் துண்டோடு வீரர் வந்திறங்கும் காட்சி துருக்கியில் ஒவ்வொரு கோடையிலும் நடப்பது. இதை ஆடம்பரம் என்று எளிதாக ஒதுக்கிவிடக் கூடாது. 2013 ஜனவரியில் ஸ்னைடரும் திரோக்பாவும் கலாத்தாசராய்க்கு வந்தார்கள். மார்ச்சில் ஜெர்மனியில் ஷால்கேயை 3-2 என வென்று அணி காலிறுதிக்குப் போனது. மாட்ரிட்டில் 0-3 எனத் தோற்றிருந்தும், இஸ்தான்புல்லில் எபுவே, ஸ்னைடர், திரோக்பா என மூவர் அடித்து ரியால் மாட்ரிட்டை 3-2 என வென்றது. அதே ஆண்டு டிசம்பரில், கொட்டும் பனியால் முதல்நாள் பாதியில் நிறுத்தப்பட்டு மறுநாள் பிற்பகலில் தொடர்ந்த ஆட்டத்தில், சேறும் பனியுமாய்க் குழைந்து கிடந்த தரையில் 85ஆம் நிமிடத்தில் ஸ்னைடர் அடித்த கோல் யுவென்டஸை வெளியேற்றியது. பந்து உருளவே மறுத்த அந்தத் தரையில் அவ்வளவு துல்லியமாக அடிக்க ஸ்னைடர் போன்ற ஒருவர்தான் வேண்டும். நட்சத்திரம் எதற்கு என்ற கேள்விக்கு அந்த ஒரு கோலே பதில்.

ஆனால் கதையை முன்னும் பின்னும் நீட்டிப் பார்க்க வேண்டும். 2012 இலையுதிர் காலத்தில் பிரிவுச் சுற்றைக் கடந்தபோது ஸ்னைடரும் இல்லை, திரோக்பாவும் இல்லை. முஸ்லெரா, மெலோ, செல்சுக் இனான், புராக் யில்மாஸ் ஆகியோரை முதுகெலும்பாகக் கொண்ட அணியே மான்செஸ்டர் யுனைடெட்டையும் ஒருமுறை வென்று அடுத்த சுற்றுக்குப் போனது. நட்சத்திரங்கள் வந்து அமர்ந்தது ஏற்கெனவே எழுந்து நின்ற சுவரின் மேல். பிறகு நடந்ததைப் பாருங்கள்: 2013 செப்டம்பர் 17 அன்று ரியால் மாட்ரிட்டிடம் சொந்த மண்ணில் 1-6 எனத் தோற்ற ஒரே வாரத்தில் தெரிம் நீக்கப்பட்டார். மான்சீனி வந்து யுவென்டஸைக் கடந்தாலும் அடுத்த சுற்றில் செல்சியிடம் அணி வீழ்ந்தது. 2014-15-இல் மான்சீனியின் இடத்துக்கு வந்த பிரான்தெல்லி நவம்பரிலேயே நீக்கப்பட, கலாத்தாசராய் சாம்பியன்ஸ் லீக் பிரிவில் ஒரே புள்ளியோடு கடைசி இடம். 2016 மார்ச்சில் யூஃபா, நிதி விதிகளை மீறியதற்காக அந்தக் கிளப்பை ஒரு பருவம் ஐரோப்பியப் போட்டிகளிலிருந்து விலக்கி வைத்தது. காலிறுதியிலிருந்து தடை வரை மூன்றே ஆண்டுகள்.

நிதி விஷயம் இங்கே கிளைக்கதை அல்ல. கிளப்பின் நுழைவுச்சீட்டு வருமானமும் உள்நாட்டு ஒளிபரப்பு வருமானமும் பெரும்பகுதி துருக்கி நாணயமான லிராவில் வருகின்றன. வெளிநாட்டு நட்சத்திரத்தின் சம்பளம் யூரோவில் போகிறது. 2018 தொடக்கத்தில் ஒரு யூரோவுக்குச் சுமார் 4.5 லிரா, 2025 கோடையில் அது 45 லிராவைத் தாண்டிவிட்டது. மூன்றாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது போட்ட கணக்கு, ஒப்பந்தம் முடிவதற்குள் உருத்தெரியாமல் மாறிவிடும். நாணயம் சரியும் நாட்டில் இந்தச் சுமையைச் சமாளிக்கத் தெரிந்த முதன்மையான வருமானம் யூரோவிலேயே வரும் சாம்பியன்ஸ் லீக் பணம்தான். அப்படியானால் நட்சத்திரத்தை வாங்குவது, சாம்பியன்ஸ் லீகில் கட்டாயம் ஆடியே தீர வேண்டும் என்ற பந்தயத்தைக் கட்டுவதற்குச் சமம். 2025-26 முதல் யூஃபா விதிப்படி வீரர்களுக்கான மொத்தச் செலவு வருமானத்தின் 70 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பதால், அந்தப் பந்தயத்தில் தோற்றால் தாங்கும் இடமும் குறைந்துவிட்டது. 2025 கோடையில் கலாத்தாசராய் ஓசிம்ஹெனுக்காக நப்போலிக்கு 7.5 கோடி யூரோ தர ஒப்புக்கொண்டதை இந்த வெளிச்சத்தில்தான் எடைபோட வேண்டும்.

ஃபெனர்பாஹ்சேயின் 2007-08 பருவம் இரண்டாம் வழியின் இன்னொரு முகம். பிரேசிலின் ஸீக்கோ பயிற்சியாளர். அலெக்ஸ், ராபர்ட்டோ கார்லோஸ், தெய்விது, எது த்ராசேனா என்று பிரேசில் வீரர்கள் ஒரு குடும்பம்போலக் கூடியிருந்தார்கள். செவியாவைப் பெனால்டியில் வென்றபோது வோல்கான் தெமிரெல் மூன்று அடிகளைத் தடுத்தார். காலிறுதியின் முதல் ஆட்டத்தில் தன் வலைக்குள்ளேயே பந்தை அடித்துவிட்ட தெய்விது, வெகுதொலைவிலிருந்து அடித்த கோலால் செல்சிக்கு எதிரான 2-1 வெற்றியைத் தந்து பிழையை ஈடுசெய்தார். லண்டனில் 0-2 எனத் தோற்று அணி திரும்பியது. அந்தக் கோடையிலேயே ஸீக்கோ போனார். அடுத்த ஆண்டு அரகோனேஸின் கீழ் அதே கிளப் பிரிவில் 2 புள்ளிகளோடு கடைசி.

மூன்றாவது வழியைப் பற்றித் துருக்கிக்கு வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. எனக்கோ, இன்றைய நிலையில் அதுவே அதிகம் கற்றுத்தருவதாகத் தோன்றுகிறது. 2015 முதல் பெஷிக்தாஷின் பயிற்சியாளராக இருந்த ஷெனோல் குனெஷ், 2002-இல் துருக்கி தேசிய அணியைப் பயிற்றுவித்தவர். அவர் அணியில் நட்சத்திரப் பெயர்கள் இருந்தன, ஆனால் நட்சத்திர விலைகள் இல்லை. மாட்ரிட்டில் ஒப்பந்தம் முடிந்த பெப்பே, ஸ்பெயினிலிருந்து வந்த ரயன் பாபெல், பென்ஃபிகாவிலிருந்து இரவலாக வந்த தலிஸ்கா, பார்சலோனாவில் வாய்ப்புக் குறைந்த அத்ரியானோ, கிளப்புக்குத் திரும்பி வந்த குவாரெஸ்மா. இவர்களுக்கு நடுவில் 2012 முதல் இருந்த ஓகுஸ்ஹான், 2013 முதல் இருந்த கனடாவின் அதிபா ஹட்சின்சன், காஸியான்தெப்ஸ்போரிலிருந்து 2014-இல் வந்த ஜென்க் தோசுன். 2015-16, 2016-17 என இரண்டு லீக் பட்டங்கள் தொடர்ந்து வந்தன.

இந்த அணி ஐரோப்பாவில் படிப்படியாகவே முதிர்ந்தது. 2016-17 சாம்பியன்ஸ் லீகில் பென்ஃபிகாவுக்கு எதிராக 0-3 எனப் பின்தங்கி 3-3 எனச் சமன் செய்தது. அடுத்த ஆட்டத்திலேயே கீவ் நகரில் 0-6 எனச் சிதறி மூன்றாம் இடத்துக்கு இறங்கி, யூஃபா கோப்பையின் புதுப்பெயரான யூரோப்பா லீகில் காலிறுதி வரை போய் லியோனிடம் பெனால்டியில் தோற்றது. முந்தைய உதாரணங்களின்படி இங்கே பயிற்சியாளர் மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. 2017-18-இல் போர்ட்டோ, லைப்சிக், மொனாக்கோ அடங்கிய பிரிவில் நான்கு வெற்றி, இரண்டு சமன், 14 புள்ளிகள் என ஒரு தோல்வியும் இல்லாமல் பெஷிக்தாஷ் முதலிடம் பிடித்தது. மூன்று எதிரிகளையும் அவரவர் மைதானத்திலேயே வென்றது. சத்தமும் புகையும் நிறைந்த இஸ்தான்புல் இரவுதான் துருக்கி கிளப்புகளின் ஆயுதம் என்று சொல்லிப் பழகியவர்களுக்கு, வெளியூரில் மூன்றுக்கு மூன்று என்ற அந்தக் கணக்கே மறுப்பு. ஒருவர் அடுத்த அடியை எங்கே வைப்பார் என்று மற்றவருக்குத் தெரிந்த அணிதான் வெளியூரில் இப்படி ஆட முடியும்.

பிறகு நடந்ததை வருத்தத்தோடுதான் எழுத வேண்டியிருக்கிறது. நாக்-அவுட் சுற்றுக்கு முன்பே, ஜனவரியில், ஜென்க் தோசுன் சுமார் 2.7 கோடி பவுண்டுக்கு எவர்ட்டனுக்கு விற்கப்பட்டார். மியூனிக்கில் பாயர்ன் அணிக்கு எதிராக, அந்த ஜனவரியில்தான் வந்து சேர்ந்த தடுப்பாட்டக்காரர் விதா 16ஆம் நிமிடத்திலேயே சிவப்பு அட்டை பெற, ஆட்டம் 0-5 என முடிந்தது. கோடையில் தலிஸ்காவும் கோல்கீப்பர் ஃபாப்ரியும் போனார்கள். அடுத்த ஆண்டு கென்க், மால்மோ, சார்ப்ஸ்போர்க் அடங்கிய எளிய யூரோப்பா லீக் பிரிவில்கூடப் பெஷிக்தாஷால் மேலேற முடியவில்லை. 2021-22-இல் சாம்பியன்ஸ் லீகுக்குத் திரும்பியபோது ஆறு ஆட்டங்களிலும் தோல்வி. மூன்றாவது வழியின் பலவீனம் இதுதான்: இரவல் வீரர் திரும்பிப் போவார், முப்பதைக் கடந்தவர் தளர்வார், விலைபோகும் ஒருவரைக் கடன் நெருக்கடியில் விற்கத் தோன்றும். மூன்று ஆண்டுக்கு மேல் இந்த வழி தானாக நிற்காது. ஆனால் அந்த மூன்று ஆண்டுகளில், குறைந்த செலவில், நிதானமான ஏறுமுகத்தை அது காட்டியது.

இளைஞர்களை வளர்த்து விற்கும் நான்காவது வழியைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனெனில் கிளப்பாக ஐரோப்பாவில் அது இன்னும் சாதித்துக் காட்டவில்லை. இஸ்மீரின் அல்தினோர்து, வெளிநாட்டு வீரர்களே இல்லாமல் இயங்குவதைக் கொள்கையாக வைத்து, சாலார் சோயுன்ஜுவையும் ஜெங்கிஸ் உந்தரையும் உருவாக்கியது. ஆனால் அந்தக் கிளப் 2021-இல் முதல்நிலை லீகுக்கான இறுதித் தகுதி ஆட்டத்தில் தோற்றது. திராப்சானில் வளர்ந்த யூசுஃப் யாஸிஜி, 2020 நவம்பரில் சான் சீரோவில் மிலானுக்கு எதிராக மூன்று கோல் அடித்தபோது அணிந்திருந்தது பிரான்சின் லீல் அணிச் சட்டை. துருக்கித் திறமையின் ஐரோப்பிய வெற்றி துருக்கி கிளப்பின் கணக்கில் வராமலே போகிறது. இருந்தும் இந்த வழியை நிர்வாகக் குழு தள்ளிவிட முடியாத காரணம் ஒன்று உண்டு. யூஃபா போட்டிகளுக்குப் பதிவு செய்யும் 25 பேர் பட்டியலில் எட்டு இடங்கள் உள்நாட்டில் பயிற்சி பெற்றவர்களுக்கானவை; அவற்றிலும் நான்கு, அந்தக் கிளப்பிலேயே வளர்ந்தவர்களுக்கு. இங்கே கணக்கில் வருவது கடவுச்சீட்டு அல்ல, 15 முதல் 21 வயதுக்குள் பயிற்சி பெற்ற இடம். ஜெர்மனியில் பிறந்து வளர்ந்த துருக்கி வீரர் நாட்டின் லீகில் உள்ளூர்க்காரராகலாம், யூஃபா பட்டியலில் ஆகமாட்டார். வளர்க்காத கிளப் அந்த இடங்களைக் காலியாக விட்டுக் குறைந்த எண்ணிக்கையோடு ஆட வேண்டியதுதான்.

நான்கையும் எடைபோடும்போது காலண்டரையும் எதிரில் வைத்துக்கொள்ள வேண்டும். தகுதிச் சுற்றுகள் ஜூலையிலும் ஆகஸ்டிலும் நடக்கின்றன. துருக்கி கிளப்புகளின் பெரிய கொள்முதல்களோ பெரும்பாலும் ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் முடிகின்றன. 2024 ஆகஸ்டில் யங் பாய்ஸிடம் இரண்டு ஆட்டங்களிலும் தோற்றுக் கலாத்தாசராய் சாம்பியன்ஸ் லீகை இழந்த பிறகுதான், செப்டம்பரில், ஓசிம்ஹென் முதன்முதலில் இரவலாக வந்தார். அந்தப் பருவம் உள்நாட்டில் லீகும் கோப்பையும் கிடைத்தன. யூரோப்பா லீகில் ஆல்க்மார் அணி முதல் ஆட்டத்திலேயே 4-1 என வென்று கலாத்தாசராயை வெளியேற்றியது. 2025 ஆகஸ்ட் 27 அன்று லிஸ்பனில் ஃபெனர்பாஹ்சேயின் சாம்பியன்ஸ் லீக் கனவைக் கலைத்த ஒற்றைக் கோலை அடித்தவர், பென்ஃபிகாவுக்கு ஆடிய துருக்கி வீரர் கெரெம் அக்துர்கோக்லு. ஒரு வாரம்போல ஆவதற்குள் அவரையே ஃபெனர்பாஹ்சே வாங்கியது. இடையில், 29ஆம் தேதி, பயிற்சியாளர் மொரின்யோ நீக்கப்பட்டிருந்தார். தேவைப்பட்டவர் யார் என்று கிளப்புக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. தேவைப்பட்ட மாதம்தான் கடந்துவிட்டது.

இவ்வளவு அவசரம் எங்கிருந்து வருகிறது? கலாத்தாசராய், ஃபெனர்பாஹ்சே, பெஷிக்தாஷ் என இஸ்தான்புல்லின் மூன்று பெரிய கிளப்புகளும் உறுப்பினர் சங்கங்கள். தலைவரை உறுப்பினர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். பென்ஃபிகா தோல்விக்கு ஒரு மாதம் முடிவதற்குள் நடந்த தேர்தலில், 2018 முதல் ஃபெனர்பாஹ்சேயின் தலைவராக இருந்த அலி கோச் தோற்றார். வாக்குக் கேட்பவரிடம் மூன்று ஆண்டுத் திட்டத்தைச் சொல்லச் சொல்வது கடினம். விமான நிலையத்தில் இறங்கும் ஒரு பெயர் வாக்காளருக்கு உடனே புரிகிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. கிளப்பைத் தங்களுடையது என்று நினைக்கும் இலட்சக்கணக்கானோரின் உரிமையும் அதிலேதான் இருக்கிறது.

ஒரு கிளப்பின் அவசரம் அந்தக் கிளப்போடு நிற்பதும் இல்லை. வெற்றிக்கு இரண்டு, சமனுக்கு ஒன்று என ஒரு நாட்டின் கிளப்புகள் பெறும் புள்ளிகளைக் கூட்டி, ஆடிய கிளப்புகளின் எண்ணிக்கையால் வகுத்து, ஐந்தாண்டுக் கணக்காக யூஃபா அந்த நாட்டை வரிசைப்படுத்துகிறது. துருக்கி அந்த வரிசையில் சரிந்திருந்ததால்தான் 2023-இல் நாட்டின் சாம்பியனான கலாத்தாசராய் ஜூலையிலேயே இரண்டாம் தகுதிச் சுற்றில் தொடங்கி, மூன்று அணிகளைக் கடந்து பிரிவுச் சுற்றுக்கு வர வேண்டியிருந்தது. வரிசை மீண்டும் ஏறிய பின், 2025-இல் அதே கிளப் நேராக முக்கியச் சுற்றுக்குப் போனது.

என் தேர்வு இதுதான்: பெஷிக்தாஷ் காட்டிய மூன்றாவது வழியை அடித்தளமாகக் கொண்டு, 2000-ஆம் ஆண்டு கலாத்தாசராயின் நிதானத்தில், பெரிய சேர்க்கை ஆண்டுக்கு ஒன்று அல்லது இரண்டுக்கு மேல் இல்லாமல் நடப்பது. நட்சத்திரம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். சுவர் எழுந்த பிறகு, ஒருவர், ஜூலைக்கு முன். பிரிவுச் சுற்றைக் கடக்கத் தெரியாத அணிக்கு நட்சத்திரம் வாங்குவதைவிட அந்த ஆண்டைப் பொறுத்திருப்பது மேல். பயிற்சியாளருக்கு ஒரு 0-5 தோல்வியைக் கடக்கும் அவகாசம் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். இளையோர் அணியை விற்பனைக் கூடமாக மட்டும் பார்க்காமல், பட்டியலின் நான்கு இடங்களை நிரப்பும் வயலாகப் பார்க்க வேண்டும். விற்க வேண்டி வந்தால் விற்பனை கோடையில் நடக்கட்டும், ஜனவரியில் வேண்டாம். ஜூனில் கூடும் குழு முதலில் எடுக்க வேண்டிய தாள் வாங்க வேண்டியவர்களின் பட்டியல் அல்ல, அடுத்த கோடையில் யார் யாருடைய ஒப்பந்தம் முடிகிறது என்ற பட்டியல்.

இந்தக் கண்ணோடு பார்க்கும்போது, 2025 கோடையில் கலாத்தாசராய் செய்தவற்றில் ஓசிம்ஹெனைவிட என் கவனம் போவது கோல் வலைக்கு. உருகுவேயின் முஸ்லெரா 2011 முதல் பதினான்கு பருவங்கள் அங்கே நின்றார். மாட்ரிட்டை 3-2 என வென்ற இரவும், ஒரே புள்ளியோடு கடைசியாக முடிந்த ஆண்டும், தடைக்காலமும் அவர் கண்ணெதிரே போயின. அவர் விட்டுச்சென்ற இடத்துக்கு, திராப்சான்ஸ்போரில் வளர்ந்து 2022-இல் அந்த ஊருக்கு 38 ஆண்டுகளுக்குப் பின் லீக் பட்டம் தேடித்தந்த அணியின் உர்ஜான் சாக்கிரைக் கிளப் வாங்கியது. யூஃபா பட்டியலில் உள்நாட்டில் பயிற்சி பெற்றவராகவே அவர் இடம்பெறுவார். அணியை நடத்துபவரோ, கோபன்ஹேகனில் அன்று நடுக்களத்தில் ஓடிய ஒக்கான் புருக்.